மூன்றாவது ஓட்டுநர்

ஏப்ரல் 20, ஞாயிறு

வண்டி வந்து சேர்ந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வருடக்கணக்காக நின்றிருந்த பழைய எஸ்டீம் கார். பின் சீட்டில் கோழிகள் குடியிருந்திருக்கின்றன. லாரியில் ஏற்றி, கணபதி வட்டாரத்தில் ஷாஜகானின் ஷெட்டில் இறக்கினோம். ஷாஜகான் சுற்றிச் சுற்றி வந்து துருவைச் சுரண்டிப் பார்த்தான். அடியில் படுத்து டார்ச் அடித்தான். "எலும்பு நல்லாருக்குடா மூர்த்தி," என்றான். அது போதும்.

டிசம்பரில் ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் ஆறு மணி நேரப் பந்தயம். தொழில்முறைக்காரர்களுக்கு அல்ல, எங்களைப் போல் வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்களுக்கு. ஒரு வண்டி, இரண்டு அல்லது மூன்று ஓட்டுநர்கள், மாறி மாறி ஓட்ட வேண்டும். வேகமாகப் போவதைவிட நிற்காமல் போவதுதான் இதில் பெரிய காரியம். இத்தனை வருடமும் மற்றவர்களின் வண்டிக்கு டயர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த முறை சொந்த வண்டி.

நாங்கள் மூவர். நான் பம்ப்செட் கம்பெனியில் டிசைன் பிரிவு. என் மனைவி செல்வநாயகி பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஷாஜகான் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். பிரேக்கும் சஸ்பென்ஷனும்தான் அவன் தொழில். ஊரில் பந்தய வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவனிடம்தான் வருவார்கள்.

இந்த டைரியில் வண்டிக்கு என்ன செய்தோம் என்பதை மட்டும் எழுதப்போகிறேன்.

லாரியில் கயிறு கட்டும்போது வலது கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். மாத்திரை இருக்கிறது.

மே 1, வியாழன்

லீவு நாள். வண்டிக்குள் இருந்த எல்லாவற்றையும் கழற்றினோம். சீட், கார்பெட், ஏ.சி., கதவின் உள்பலகை, ரேடியோ. தரையில் சத்தம் வராமலிருக்கக் கம்பெனியில் ஒட்டிய தார் அட்டை இருக்கிறது. அதன்மேல் உலர் ஐஸைக் கொட்டி, இறுகியதும் சுத்தியலால் தட்டினால் பொரிபொரியாக வரும். நாயகி முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து தட்டினாள். எடை குறையக் குறைய வண்டிக்கு எல்லாமே சுலபமாகும், எஞ்சினுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும். பவர் ஸ்டியரிங்கையும் கழற்றிவிடலாம் என்று சொன்னது நான்தான்.

மே 18, ஞாயிறு

ரோல் கேஜ் ஏறிவிட்டது. வண்டி குட்டிக்கரணம் போட்டாலும் கூரை தலையில் இறங்காமல் தாங்குகிற குழாய்க் கூண்டு. நான் கொஞ்சம் வெல்டு வைத்தேன். மணி மணியாக வரவேண்டியது வாந்தி எடுத்த மாதிரி வந்தது. ஷாஜகான் கைப்பிடியை வாங்கிக்கொண்டு அதை அரைத்துத் தள்ளிவிட்டு மறுபடி வைத்தான். என் கையுறை அளவு பெரியது. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

எஞ்சின் பூட்டியாகிவிட்டது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து இழைத்து வாங்கினோம். புது ரிங், புது பேரிங். ஹெட் போல்ட்டுகளை நானே முறுக்கினேன். நிதானமாகச் செய்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

எஞ்சின் ஓடியது. கொஞ்ச நேரம்தான். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த மாதிரி வெள்ளை. தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். கடைசி வரிசைப் போல்ட்டுகள் பாதிகூட இறுகவில்லை என்று ஷாஜகான் காட்டினான். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் கோளாறு, அளவு தவறாகக் காட்டுகிறது என்றேன். புதிதாக ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.

நாயகி பழைய ரெஞ்சை எடுத்து ஒரு போல்ட்டில் மாட்டி முறுக்கிப் பார்த்தாள். அளவு வந்ததும் டக்கென்று சத்தம் வந்தது, வரவேண்டிய மாதிரியே. துடைத்து டப்பாவில் வைத்துவிட்டாள்.

ஜூலை 10, வியாழன்

நரம்பு டாக்டர். கையிலும் காலிலும் நாக்கிலும் ஊசி குத்தி, தசை போடுகிற சத்தத்தை மெஷினில் கேட்டார்கள். மழை பெய்யும்போது தகரக்கூரை போடுகிற சத்தம். டாக்டர் என் வலது கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டைப் பார்த்தார். அங்கே மேடு இல்லை, பள்ளம் இருந்தது. எப்போதிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தமுறை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். மனைவி ஊரில் இல்லை என்றேன். நாயகி அந்த நேரம் சிங்காநல்லூர் சிக்னலில் ஒரு பெண்ணுக்குக் கிளட்ச் விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஜூலை 11, வெள்ளி

ஷெட்டுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

எல்லா ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. நோயின் பெயரிலும் மோட்டார் என்ற சொல் இருக்கிறது. மூளையிலிருந்து தசைக்குப் போகிற ஒயர்கள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வருமாம். எங்கே ஆரம்பித்ததோ அங்கிருந்து பக்கத்துக்குப் பரவும். நிறுத்த மருந்து இல்லை, மெதுவாக்க ஒரு மாத்திரை இருக்கிறது.

எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. டிசம்பரில் கார் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். "டிசம்பர் வரைக்கும்னு யாரும் எழுதித் தர முடியாதுங்க," என்றார்.

முடியாது என்று அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் ஷெட்டில் ரேடியேட்டர் மாட்டினோம். அலுமினியம், இரண்டு மடங்கு தடிமன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பவர் ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டவேண்டும் என்றேன். ஷாஜகான் சிரித்தான். நீதானே கழற்றச் சொன்னாய் என்றான். ஒருவர் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டவேண்டும், கை சோர்ந்தால் தவறு வரும், கூடுகிற எடையைவிடச் சோர்வால் வரும் நஷ்டம் பெரிது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான். அவனுக்கு அரை மனது.

நாயகி கணக்குக் காகிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, "அவுரு சொல்ற மாதிரியே மாட்டிருங்கண்ணா," என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வண்டி சொந்தக் காலில் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. தொழிற்பேட்டைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு முறை போய்வந்தேன். எஞ்சின் கச்சிதம். இடதுகை கியருக்குப் போகும்போது ஸ்டியரிங்கை வலதுகை தனியாகப் பிடிக்கவேண்டியிருக்கிறது. பிடி வழுக்குகிறது. ஸ்டியரிங்குக்குச் சொரசொரப்பான தோல் சுற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலைத் தூக்கி வைப்பதற்குப் பதில் உருட்டி வைக்கிற மாதிரி இரண்டு பெடலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். பெரிய பந்தயங்களில் எல்லோரும் செய்வதுதான்.

நடக்கும்போது வலது செருப்பின் முனை தரையில் உரசுகிறது. செருப்பை மாற்றினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புதுச்சட்டையின் பட்டன் ஓட்டைகள் ரொம்பச் சின்னதாகத் தைத்திருக்கிறார்கள். நாயகி வந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். மாமனார் வீட்டுக்குப் போனோம். படி ஏறும்போது அவள் எனக்குப் பின்னால் வந்தாள். எப்போதும் முன்னால் போகிறவள்.

நவம்பர் 9, ஞாயிறு

தடத்தில் முதல் முழுநாள் ஓட்டம். காலையில் நாயகி ஓட்டினாள். சுற்றுக்குச் சுற்று ஒரே நேரம், கடிகாரம் மாதிரி. பிறகு ஷாஜகான். வண்டியை விட்டு இறங்கியபோது கல்யாண மாப்பிள்ளை போலிருந்தான். மூன்றாவதாக நான்.

முதல் சில சுற்றுகள் நன்றாகப் போயின. அந்தச் சுற்றுகளில் எனக்கு எந்தச் சீக்கும் இல்லை. நேர்ப்பாதையில் நாலாவது கியரில் வண்டி ஒரே சுருதியில் இழுத்தது. இதற்காகத்தான் என்று தோன்றியது. எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நேர்ப்பாதை முடிவில் வலது வளைவு. பிரேக் போடவேண்டிய இடம் தாண்டிப் போனது. வண்டி வேகம் குறையாமல் வளைவைக் கடந்து ஜல்லிக்குள் பாய்ந்து, டயர் சுவரை முட்டி நின்றது. அங்கே கொடி பிடித்து நின்ற மார்ஷல் பின்பக்கம் குதித்தார். அவருக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. வேலாயுதம் என்று பெயர், ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் கொடியைக் கையில் வைத்திருந்தார்.

ஷாஜகான் ஓடிவந்து என்ன ஆச்சு என்றான். பெடல் தரையோடு போய்விட்டது, பிரேக் பிடிக்கவில்லை என்றேன். அவன் முகம் வெளுத்துப் போயிற்று.

நாயகி வளைவுக்கு முன்னால் வேலியோரம் நின்றிருந்தாள். எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். எனக்கு அடிபட்டதா என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

ஷாஜகான் பிரேக்கை அக்கக்காகப் பிரித்துவிட்டான். குழாய்களில் கசிவு இல்லை. பிரேக்குக்கு ஆயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ரம்பத்தால் இரண்டாக அறுத்து ரப்பரைப் பார்த்தான், அதுவும் நன்றாக இருந்தது. ஆயிலில் காற்றுக்குமிழ் இருந்திருக்கலாம் என்றேன். "நான்தானடா காத்து எடுத்தேன்," என்றான். அதை என்னிடம் சொல்லவில்லை, அறுத்த இரும்பிடம் சொன்னான்.

மார்ஷலைப் போய்ப் பார்த்தோம். கட்டுப்போட்டுக் கட்டிலில் இருந்தார். பிரேக்கைச் சரிசெய்தாகிவிட்டதா என்று கேட்டார். வேறு யாரும் அடிபடக்கூடாது என்பதற்காகக் கேட்கிறேன் என்றார். ஆகிவிட்டது என்று நான் சொன்னேன். ஷாஜகான் வாசலுக்குப் போய்விட்டான்.

நவம்பர் 13, வியாழன்

தான் பிரேக் வேலை செய்த எல்லா வண்டிக்காரர்களுக்கும் ஷாஜகான் போன் போட்டிருக்கிறான். வண்டியை எடுக்கவேண்டாம், வேறு யாரிடமாவது காட்டிவிட்டு எடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். ஒருவர் இவனைத் திட்டினாராம். இன்னொருவர் சாவியை வாங்கிக்கொண்டு வேலை பாதியில் நின்ற வண்டியை வேறு ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நாயகி சொன்னாள். என்னிடம் அவன் பேசவில்லை.

எழுத்து கோணலாக இருக்கிறது. இடது கையில் எழுதுகிறேன். இரண்டு கையும் பழகினால் நல்லதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

ஷெட் பூட்டியிருந்தது. என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. உள்ளே போனேன். பூட்டைத் திறக்கவே வெகுநேரம் ஆனது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தேன். பிரேக்குக்கு மாற்றினேன். சரியாக வந்தது. மறுபடி செய்தேன், வந்தது. கொஞ்சம் வேகமாக மாற்றிப் பார்த்தேன். ஷூவின் முனை ஆக்ஸிலேட்டரின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. முன்பாதத்தைத் தூக்கு என்று காலுக்குச் சொல்கிறேன். கால் கேட்கவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. மற்ற எல்லாம் தெரிகிறது, சாக்ஸின் மடிப்புகூட உறுத்துகிறது. தூக்கு என்றால் மட்டும் தூக்கவில்லை. ஷூவைக் கழற்றினேன். வெறுங்காலோடு செய்தேன். பெடலில் உப்புத்தாள் ஒட்டினேன். பிய்த்தேன். இடது காலால் பிரேக் போட்டுப் பார்த்தேன். கிளட்சுக்குக் கால் இல்லை. தொடையைக் கையால் தூக்கி வைத்தேன். ஸ்டியரிங்குக்குக் கை இல்லை. சில தடவை சரியாக வரும். அந்தச் சில தடவைகளை நம்பி இன்னும் கொஞ்சம் செய்வேன். பிறகு மாட்டிக்கொள்ளும். சட்டை நனைந்துவிட்டது. ஹார்ன் இல்லாத வண்டி, இருந்திருந்தால் தலையை வைத்து அழுத்தியிருப்பேன்.

ஷாஜகானின் மேஜையில் அந்த இரண்டாக அறுத்த சிலிண்டர் கிடந்தது. பக்கத்தில் அவன் சாப்பிடாமல் விட்ட பொட்டலம், எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அவனுக்குச் சொல்லவேண்டும். சொன்னால் டிசம்பர் இல்லை. டிசம்பர் இல்லையென்றால் அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் அந்தச் சீக்கு மட்டும்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

சமையலறையில் நாயகி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பிரேக் லைட்டு எரியலைங்க," என்றாள்.

ஒயரிங்கில் ஏதாவது இருக்கும் என்றேன்.

"மொதச் சுத்தெல்லாம் எரிஞ்சுதுங்க. அந்தச் சுத்துல எரியலை. கால் பெடல்ல பட்டிருந்தா எரிஞ்சிருக்கும். நான் வேலிகிட்ட நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

நான் வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அடுத்தவங்க காலைப் பாத்துட்டே பொழைக்கறவ நான். உங்க கால் எனக்குத் தெரியாதுங்களா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அந்தண்ணன் பொழப்பே போகுதுங்க. இனி என்னால வாயை மூடிட்டு இருக்க முடியாது."

நோயின் பெயரைச் சொன்னேன். அவள் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எந்த டாக்டர், எப்போது தெரிந்தது என்று கேட்டாள். ஆகஸ்ட் என்றேன். ஆகஸ்டிலிருந்து தனியாகவா என்று கேட்டுவிட்டு அடுப்படியில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்காரப் பார்த்தேன். வலது கால் மடங்கி விழுந்தேன். அவள்மேல்தான் விழுந்தேன். எழுந்திருக்க அவசரமில்லாமல் இரண்டு பேரும் அங்கேயே கிடந்தோம். கல் ஆறும்வரை தோசை வாசம் இருந்தது.

நவம்பர் 19, புதன்

ஷாஜகான் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று முதலில் சொன்னேன். பிறகு மற்றதைச் சொன்னேன். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து, ரெஞ்சு, ஸ்டியரிங், பெடல், எல்லாம்.

கேட்டு முடிக்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.

"உனக்குச் சீக்குன்னா நான் உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போவேன்டா," என்றான். "ஆனா பத்து நாளா நான் கொலைகாரன் மாதிரி இருந்தேன். நீ அதைப் பாத்துட்டு இருந்தே."

ஆமாம் என்றேன். அவன் வண்டிச்சாவியை எடுத்தான். மன்னித்தேன் என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு நேராக மார்ஷல் வீட்டுக்குப் போனான். அங்கேயும் நானே சொல்லவேண்டும் என்றான்.

வேலாயுதம் முழுக்கக் கேட்டார். கட்டுப்போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க," என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் வண்டியை நிறுத்தி, ஷாஜகான் ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். வலது கையில் போன் நிற்காமல் நான் தவித்தபோது அவனே என் காதில் பிடித்துக்கொண்டு நின்றான்.

நவம்பர் 30, ஞாயிறு

வேலை மறுபடி ஆரம்பித்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறேன், அவர்கள் செய்கிறார்கள். நாயகியும் ஷாஜகானும் ஓட்டுவதாக ஏற்பாடு. ஒருவர் மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது விதி. இரண்டு பேருக்கும் சரியாக இருக்கும். ஓட்டுநர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றான் ஷாஜகான். நாயகிதான், பேர் மட்டும் இருந்துட்டுப் போகட்டும் என்றாள். கதவில் ஒட்டும் ஸ்டிக்கரில் மூன்றாவதாக என் பெயர்.

ஒரே ஒரு சுற்று, மெதுவாக, பந்தயத்துக்கு முன் நடக்கும் வார்ம்-அப்பில் மட்டும், என்று ஷாஜகானிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

டிசம்பர் 15, திங்கள்

நேற்று பந்தயம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கொடி விழுந்தது. நாயகி முதலில். எங்களைவிடப் புது வண்டிகள், பெரிய எஞ்சின்கள், எல்லாம் முன்னால் பறந்தன. அவள் யாரோடும் போட்டி போடவில்லை. பகல் ஏற ஏறப் பறந்த வண்டிகள் ஒவ்வொன்றாகப் புகைந்து நின்றன. எங்கள் வண்டி நிற்கவில்லை. சுற்று எண்ணிக்கையைக் காட்டும் பலகையைக் கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். அவள் கடந்து போகும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவளுடைய இரண்டாவது முறையில் கிளட்ச் கேபிள் அறுந்தது. ஓட்டத்தை நிறுத்தாமல், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கிளட்ச் இல்லாமலே கியர் மாற்றி, தன் நேரம் முடியும்வரை ஓட்டி, பழுதுபார்க்கும் பிட்டுக்குள் கொண்டுவந்தாள். ஷாஜகான் ஏறுவதற்குள் கேபிள் மாற்றினோம். அப்போது மொத்தத்தில் எட்டாவது இடம். கொடி விழும்வரை ஓடி, கோட்டைக் கடந்தால் கணக்கில் வரும். கடக்காவிட்டால் அத்தனை நேரம் ஓடியதும் சேராது.

கடைசி முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஷாஜகான் திடீரென்று உள்ளே வந்தான். ஓட்டுநரின் வாயருகே வரும் குடிதண்ணீர்க் குழாய் கழன்று விழுந்திருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சூட்டில் தண்ணீரே இல்லாமல் ஓட்டியிருக்கிறான். இரண்டு தொடையும் கல்லாகி இழுத்துக்கொண்டது. தூக்கித்தான் இறக்கினோம். வாந்தி எடுத்தான். எழுந்து நிற்க முயன்று மறுபடி விழுந்தான். பந்தய டாக்டர் பார்த்துவிட்டு, இவர் இனி ஏறக்கூடாது என்றார்.

நாயகியின் மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லாத வண்டி. பிட் அதிகாரி பெயர்ப்பட்டியலைப் பார்த்தார். மூணாவது டிரைவர் திருமூர்த்தி யாருங்க என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

பந்தய உடை போட்டிருந்தேன். ஏன் போட்டுக்கொண்டு வந்தேன் என்று காலையில் யாரும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். மெதுவாகத்தானே, ஓரமாகத்தானே, கடைசி ஆளாகப் போனாலும் போதுமே. முக்கால் மணி நேரம். ஷூவின் முனையை வெட்டிவிட்டால் மாட்டாது. நல்ல தடவைகள் எனக்கு இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. இவ்வளவும் என் தலைக்குள் ஓடியது. தாடைப்பட்டியை மாட்ட விரல் வரவில்லை. நாயகியிடம் முகவாயை நீட்டினேன்.

அவள் கிட்ட வந்தாள். பட்டியின் இரண்டு முனையையும் பிடித்தாள். அவள் விரல்களில் கிரீஸ் வாசம்.

"நீங்க சொன்னா மாட்டி விடறேனுங்க," என்றாள். "நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும்."

அவளுக்குப் பின்னால் தடம் தெரிந்தது. நேர்ப்பாதை முடிவில், அந்த வலது வளைவில், ஆரஞ்சு நிறச் சட்டையில் ஒருவர் கொடியோடு நின்றிருந்தார். வேலாயுதத்தின் இடத்தில் வேறு யாரோ. வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்து எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது கையால் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அதிகாரியிடம் நானே போய், வண்டி விலகுகிறது என்று சொன்னேன். காரணம் கேட்டார். ஓட்டுநர் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

உள்ளே கைவிட்டு எஞ்சினை அணைத்தது நாயகி. அதற்குப் பிறகு மற்ற வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஷாஜகான் தரையில் படுத்தபடியே, கையில் குளுக்கோஸ் ஊசியோடு அழுதான். இடம் போனதற்காக என்று நினைக்கிறேன். எனக்காகவும் இருக்கலாம். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தொடையை இடது கையால் நீவிக்கொண்டிருந்தேன், கொடி விழும்வரை.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

ஊன்றுகோல் வந்துவிட்டது. ஷெட்டுக்கு நாயகி கூட்டிப்போனாள்.

அடுத்த பந்தயம் ஜூலையில். ஷாஜகானின் தம்பி மகள் ரெஜினா ஓட்டக் கேட்டிருக்கிறாள், நாயகியிடம் கார் பழகியவள், நாயகி உயரம்தான். ஷாஜகான் இனி ஓட்டுவதில்லை என்று சொல்லிவிட்டான். வண்டியில் என்ன மாற்றவேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நாயகியை உள்ளே உட்காரச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். சீட்டை என் உயரத்துக்கு அளவெடுத்துப் பொருத்தியிருக்கிறோம். அவள் கிளட்சை முழுக்க மிதிக்க இடுப்பை முன்னால் தள்ளி, முதுகு சீட்டில் படாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரமும் அப்படியே ஓட்டியிருக்கிறாள். ஒருநாளும் சொன்னதில்லை.

சீட்டைக் கழற்றச் சொன்னேன். முன்னால் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன். கடைசியில் அவள் முதுகு முழுக்கப் படிந்து, முழங்கால் லேசாக மடங்கி, கிளட்ச் அடிவரை போயிற்று. "இப்பச் சரிங்க," என்றாள். சாக்பீஸால் தரையில் கோடு போட்டான் ஷாஜகான். அவள் இறங்கிக்கொண்டாள்.

அவன் உடனே வேலையைத் தொடங்கவில்லை. சீட்டின் கால்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஸ்லைடர் போட்டுரட்டாடா?" என்று கேட்டான். "வேணுங்கிறப்ப பின்னால தள்ளிக்கற மாதிரி. இல்ல, இதே எடத்துல வெல்டு வெச்சரட்டா?"

நாயகி என்னைப் பார்க்கவில்லை.

"வெல்டு வெச்சுரு," என்றேன்.

ஷாஜகான் பேட்டரி ஒயரைக் கழற்றினான். முகமூடியை முகத்தில் இறக்கினான். வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க நானும் நாயகியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.